பாரிஸ் மச்சான் கொடுத்த டிவிடி

கேள்வி: டிவியோடு இணைக்க ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன். பாரிஸிலிருந்து மச்சான் கொண்டுவந்த சினிமா டிவிடிகள் பெட்டி நிறைய இருக்கின்றன. வீட்டு பிளேயரில் ஒன்றுகூட ஓடவில்லை. என்ன வாங்கலாம்?
– வாசகர், காரைக்கால்

பதில்: டிவிடிகள் மேல் தப்பில்லை. டிவிடி உலகில் பிரான்ஸ் 2-ஆம் மண்டலம், இந்தியா 5. பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் காரைக்காலை விட்டுப் போனது உங்கள் பிளேயருக்கும் தெரிந்திருக்கிறது! கம்ப்யூட்டரில் யூஎஸ்பி டிவிடி டிரைவைச் செருகி விஎல்சியில் ஓட்டுங்கள்; பெரும்பாலும் இந்த எல்லைத் தகராறு தீர்ந்துவிடும். அந்த மென்பொருளே பாரிஸ் பக்கத்துப் பொறியியல் மாணவர்கள் 1996-இல் தொடங்கிய வேலைதான். மச்சான் ஊர்ப் பூட்டுக்கு மச்சான் ஊர்ச் சாவி.

இன்டெல் என்100 சிப், 8 ஜிபி ரேம் உள்ள மினி பிசி தாராளம். 4கே படத்தையும் மூச்சு வாங்காமல் ஓட்டும். கடலோர ஊர் என்பதால் உள்ளே விசிறி இல்லாத மாடலாகப் பாருங்கள். விசிறி, உப்புக்காற்றை உள்ளே இழுத்துக் குடிவைக்கும். சோகக் காட்சியில் இரையவும் செய்யும். அதற்காகக் கண்ணாடி ஷோகேசுக்குள் பூட்டிவைக்காதீர்கள், வெந்துவிடும். 'கோடி' என்ற இலவச மென்பொருளைப் போட்டால் ஹார்டு டிஸ்க்கில் உள்ள படங்களெல்லாம் போஸ்டரோடு வரிசைகட்டும். (ஓடிடி மட்டும்தான் பார்ப்பீர்கள் என்றால் இவ்வளவும் வீண், ஒரு ஸ்டிக் போதும்.)

மச்சான் கீபோர்டும் தருகிறேன் என்றால் நைசாக மறுத்துவிடுங்கள். பிரெஞ்சு கீபோர்டில் க்யூ இருக்கவேண்டிய இடத்தில் ஏ உட்கார்ந்திருக்கும். நீங்கள் பாஸ்வேர்டு அடித்து முடிப்பதற்குள் இடைவேளை வந்துவிடும்.