மூன்றாவது வேர்

முப்பத்தொன்பது வருஷ காலம் தந்தி இலாகாவில் உத்தியோகம் பார்த்து, ஊராருடைய ஜனன மரணச் செய்திகளையெல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் அனுப்பியும் வாங்கியும் ஓய்வு பெற்ற ஒருவன், தன் எழுபத்தேழாவது பிராயத்தில், ஒரு முழம் நீளமுள்ள சங்கீத வாத்தியத்துக்குள் ஒரு செய்தியை அனுப்பத் தெரியாமல் ஒரு வாரம் திண்டாடினான் என்றால், என் பழைய சகாக்களில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஆயினும் நடந்தது அதுதான்.

அந்த வாத்தியத்தின் நாமதேயம் சிந்தசைசர். மேல்படிப்புக்காக அயல்நாடு சென்ற என் பேரன், "சும்மா கிடந்தா வீணாப் போயிடும் தாத்தா, நீங்க வாசிங்க" என்று சொல்லி அதை என்னிடம் ஒப்படைத்துப் போனான். இளமையில் இரண்டு வருஷம் ஹார்மோனியம் பயின்றவனாதலால் கட்டைகளைக் கண்டு நான் அஞ்சவில்லை. கட்டைகளுக்கு மேலே வரிசை வரிசையாக முளைத்திருந்த குமிழ்கள்தாம் என்னைக் கலக்கின. ஒவ்வொரு குமிழின் கீழும் எறும்பு ஊர்ந்தாற்போல் இரண்டு வரி எழுத்து. தனியே திருகினால் ஒரு காரியம், பக்கத்துப் பொத்தானை அமுக்கிக்கொண்டு திருகினால் வேறொரு காரியம். இரண்டு கண்ணிலும் புரை நீக்கிக்கொண்டவன் இவற்றைப் படிக்க வேண்டுமானால் பூதக்கண்ணாடியை ஒரு கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் வாசிப்பதற்கு ஒரு கைதான் மிஞ்சும்.

இந்தச் சங்கடத்தைத் தொலைபேசியில் முறையிட்டபோது, பேரன் ஓர் உபாயம் சொன்னான். கம்ப்யூட்டரில் எடிட்டர் என்றொரு மென்பொருளை நிறுவிக்கொண்டால் எல்லாக் குமிழ்களும் திரையிலே பூசணிக்காய் அளவில் தெரியுமாம். அவற்றைத் திருகினால் வாத்தியம் கேட்குமாம். நிறுவினேன். அது திறந்ததும் திறவாததுமாக, "உம்முடைய வாத்தியத்தின் ஃபர்ம்வேர் 1.8, எனக்கு 1.10 அல்லது அதற்கு மேற்பட்டது வேண்டும்" என்ற பொருள்பட ஓர் அறிவிப்பைக் காட்டிவிட்டு, வாசலிலே நின்றுகொண்டது.

ஹார்டுவேர், சாஃப்ட்வேர் என்ற இரண்டு வேர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருக்கிறேன். வெட்டிவேரையும் நன்னாரி வேரையும் அனுபவத்திலேயே அறிவேன். இந்த மூன்றாவது வேர் எது என்று விசாரித்ததில், 1967-ல் ஆஷர் ஓப்ளர் என்ற அமெரிக்கர் சூட்டிய பெயராம் அது. தொட்டுப் பார்க்கக் கூடிய யந்திரத்துக்கும் தொட முடியாத நிரலுக்கும் நடுவே, யந்திரத்தின் சில்லுக்குள்ளேயே உறைந்திருந்து, "நீ ஒரு வாத்தியம், இந்தக் கட்டையை அமுக்கினால் இந்த ஸ்வரத்தைக் கொடு" என்று அதற்கு ஆத்மபோதம் செய்துகொண்டிருப்பதுதான் ஃபர்ம்வேர். ஆகவே அதை மாற்றுவது சட்டை மாற்றுகிற காரியம் அன்று, கூடு விட்டுக் கூடு பாய்கிற காரியம். "நடுவுல கரண்டு போச்சுன்னா செங்கல்தான் தாத்தா" என்று பேரன் எச்சரித்தான். பாதி பழைய புத்தியும் பாதி புதுப் புத்தியுமாக நின்றுவிட்ட வாத்தியம் அப்புறம் எதற்கும் உதவாது என்பது அதன் தாத்பரியம்.

தயாரித்தவர்களுடைய பக்கத்தில் 1.12, 1.11, 1.10, 1.9, 1.8 என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். இங்கே என் கல்வித் தகுதியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். 1957-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா புழக்கத்துக்கு வந்தபோது எனக்கு வயது பத்து. தசமப் புள்ளியை எங்கள் மண்டையில் ஏற்றுவதையே ஜன்ம சாபல்யமாகக் கொண்டிருந்த கணக்கு வாத்தியார், 1.9 பெரிதா 1.10 பெரிதா என்று ஒரு நாள் என்னைக் கேட்க, நான் சற்றும் தயங்காமல் 1.10 என்று சொல்ல, "ஒரு ரூபாய் தொண்ணூறு பெரிசா, ஒரு ரூபாய் பத்து பெரிசாடா?" என்ற கேள்வியோடு உள்ளங்கையில் விழுந்த பிரம்படியை அறுபத்தேழு வருஷமாகியும் நான் மறக்கவில்லை. ஆகையால், பட்டியல் போட்டவர்களுக்குத் தசமம் தெரியாததைக் குறித்து அனுதாபப்பட்டுக்கொண்டே, எல்லாவற்றிலும் பெரிதான 1.9-ஐத் தேர்ந்தெடுத்து இறக்கிக்கொண்டேன்.

அடுத்தது கேபிள். ஒரு முனை கம்ப்யூட்டருக்கு. மறுமுனை இரண்டாகப் பிரிந்து, ஐந்து ஊசிகள் கொண்ட இரண்டு செருகிகள், ஒன்றில் இன், மற்றொன்றில் அவுட். வாத்தியத்தின் முதுகிலும் இன், அவுட் என்று இரண்டு துவாரங்கள். இனத்தை இனத்தோடு சேர்ப்பதே தர்மம் என்று இன்னை இன்னிலும் அவுட்டை அவுட்டிலும் செருகிவிட்டு அரை நாள் காத்திருந்தேன். ஒருவர் வாயை இன்னொருவர் வாயோடும் காதைக் காதோடும் வைத்துக்கொண்டால் சம்பாஷணை நடவாது என்பது, அனுப்புகிற கம்பி வாங்குகிற கம்பியில்தான் போய்ச் சேரும் என்பதையே சோறாக உண்டு வாழ்ந்த எனக்கு உறைக்க அரை நாள் பிடித்தது!

இந்த ஐந்து ஊசிப் பாஷைக்கு மிடி என்று பெயர். நம் பாஷையில் மிடி என்றால் வறுமை, துன்பம். பெயர் வைத்தவர்கள் அகராதியைப் புரட்டவில்லை. ஆனாலும் அவர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் ஜப்பானியரான இக்குதாரோ காகேஹாஷியும் தொழிலிலே போட்டியாளர்கள்; அப்படியிருந்தும் ஒருவர் வாத்தியம் மற்றவர் வாத்தியத்தோடு பேச வேண்டும் என்று முயன்று, 1983-ல் அதைச் சாதித்தார்கள். அதற்காக அவ்விருவருக்கும் கிராமி விருது அளிக்கப்பட்ட அதே 2013-ல்தான் எங்கள் தந்திக்கு மூடுவிழா நடந்தது. ஆனால் வாத்தியத்தோடு வந்த புத்தகத்தைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புலனாயிற்று: தந்தி சாகவில்லை, வாத்தியத்துக்குள் போய்க் குடியேறிவிட்டது. எங்கள் டெலிபிரிண்டரில் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னே ஒரு தொடக்கத் துடிப்பு, பின்னே ஒரு முடிவுத் துடிப்பு, இதிலும் அப்படியே. அங்கே நொடிக்கு 50 துடிப்பு, இங்கே 31,250, வித்தியாசம் அவ்வளவுதான். அங்கே செய்தி ஆரம்பமாகிறது என்பதற்கு இஸட்-ஸி-இஸட்-ஸி, முடிந்தது என்பதற்கு நான்கு என். இங்கே தொடக்கத்துக்கு 240, முடிவுக்கு 247. இடையில் வருவதெல்லாம் 127-க்கு உட்பட்டிருக்க வேண்டும். பழைய சிநேகிதனை வேற்றூர்ச் சந்தையில், வேறு வேஷத்தில் கண்டாற்போல எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் அனுப்ப வேண்டிய ஃபர்ம்வேரோ ஏறக்குறைய ஒரு மெகாபைட் செய்தி. கணக்குப் போட்டால் ஆறு நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த ஆறு நிமிஷமும் மிக்ஸி போடக் கூடாதென்று வீட்டில் ஊரடங்குச் சட்டம் பிறப்பித்தேன். என் மனைவி மறுபேச்சில்லாமல் தேங்காய்த் துவையலைக் கொல்லைப்புறத்து அம்மிக்கு எடுத்துப் போய்விட்டாள். திரையிலே பச்சைக் கோடு ஊர்கிறது. கொல்லையிலே குழவி உருள்கிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அறுபத்து மூன்று சதவீதத்தில் மின்விசிறி ஒரு கணம் தயங்கியது. குலதெய்வத்துக்கு நான் அந்தக் கணத்தில் நேர்ந்துகொண்டது இன்ன தொகை என்பதை இங்கே வெளியிட விரும்பவில்லை, ஏனெனில் விசிறி மறுபடி சுற்றத் தொடங்கியதும் தொகையை நான் பாதியாகக் குறைத்துக்கொண்டேன்.

கோடு நிறைந்தது. வாத்தியம் அணைந்து, தானே உயிர்பெற்று, 1.9 என்று காட்டியது. வெற்றிக் களிப்போடு எடிட்டரைத் திறந்தேன். "உம்முடைய ஃபர்ம்வேர் 1.9, எனக்கு 1.10 அல்லது அதற்கு மேற்பட்டது வேண்டும்."

தசமப் புள்ளிக்கு நேர்ந்த இந்த அவமானத்தைக் கேட்க ஆளில்லையா என்று நான் இரைந்த இரைச்சலில், துவையல் கையோடு என் மனைவி வந்து பார்த்தாள். அவள் தினந்தோறும் ராமாயணம் பாராயணம் செய்கிறவள். திரையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏங்க, பால காண்டத்துல ஒன்பதாம் சர்க்கம் முடிஞ்சா பத்தாம் சர்க்கம்தானே வரும்? இதுல கோபப்பட என்ன இருக்கு?" என்றாள். புள்ளி என்று நான் நினைத்தது புள்ளியல்ல, காண்டத்தையும் சர்க்கத்தையும் பிரிக்கிற வெறும் வேலி! வாத்தியாரிடம் அன்று நான் வாங்கிய அடி கணக்குக்குச் சரி, ஃபர்ம்வேருக்குத் தவறு.

மறுநாள் 1.12-ஐ ஏற்றினேன், அதில் சொல்வதற்கொன்றும் இல்லை, மறுபடியும் அம்மித் துவையல் என்பதைத் தவிர. எடிட்டர் கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டது. பூசணிக்காய்க் குமிழ்கள் உண்மையிலேயே இருந்தன. அவற்றுக்கு மேலே இரண்டு அம்புக்குறிகள், ஒன்று இடம், ஒன்று வலம். ஒன்று வாத்தியத்திலுள்ள ஒலிகளைத் திரைக்குக் கொண்டுவருவது. மற்றது திரையிலுள்ளவற்றை வாத்தியத்துக்கு அனுப்புவது. எது எது என்று யோசித்திருக்கலாம். ஆனால் அனுப்பியே பழகிய கை. அமுக்கினேன். "நிச்சயமாகவா?" என்று கேட்டது. மேலிடத்திலிருந்து கேள்வி வந்தால் ஆம் என்று சொல்லி நற்பெயர் எடுத்த சர்க்கார் உத்தியோகஸ்தனாகிய நான் அதற்கும் ஆம் என்றேன்.

அப்போதுதான் திறந்த எடிட்டருக்குள் இருந்தது வெறும் ஆரம்ப ஒலி ஒன்றுதான். ரம்பப் பல் போன்ற அலை, டப்பாவுக்குள் அகப்பட்ட வண்டின் ரீங்காரம். பேரன் ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த நூற்றிருபத்தெட்டு ஒலிகளின் இடத்திலும் இப்போது நூற்றிருபத்தெட்டு வண்டுகள்.

இதை அவனுக்கு எப்படித் தெரிவிப்பது? வாழ்த்துத் தந்திகளுக்கு எங்களிடம் எண்ணிட்ட வாசகங்கள் இருந்தன. தீபாவளிக்கு ஓர் எண், கல்யாணத்துக்கு ஓர் எண். பேரனுடைய ஒலிகளை அழித்த பாட்டனுக்கென்று எண் எதுவும் ஏற்பட்டிருக்கவில்லை. ஆகவே சொல்லுக்குக் காசு என்ற பழைய சிக்கனத்தோடு நானே வாட்ஸ்அப்பில் இயற்றினேன்: "ஒலிகள் அனைத்தும் காலி. வாத்தியம் நலம். பாட்டி நலம். தாத்தா."

இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. கையெழுத்துப் போட்டுத் தந்தியை வாங்கிக்கொண்டுவிட்டான் என்று அர்த்தம். ஒரு பகல் கழித்துப் பதில் வந்தது. அதில் சொல் ஒன்றுமில்லை. ஒரே ஒரு கட்டைவிரலின் படம். பரவாயில்லை என்கிறானா, அல்லது இத்தனை நாள் போதித்த வித்தைக்கு, ஏகலைவனிடம் துரோணர் கேட்டது போல் தட்சிணை கேட்கிறானா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டுமென்று, வலக்கைக் கட்டைவிரலை மடக்கி வைத்துக்கொண்டு, மற்ற விரல்களாலேயே அந்த வண்டை வாசித்து வருகிறேன்.