கூடத்தில் ஒரு தாஜ்மகால்

யாத்திரை போய் வந்தவர்கள் தாம் கண்ட ஊர்களின் சாயலைத் தம் வீட்டிலும் நிலைநிறுத்திக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திய ஒரு பத்திரிகைக் கட்டுரையை, சலூனில் என் முறைக்காகக் காத்திருந்த முக்கால் மணி நேரத்தில் இரண்டு தடவை படித்துவிட்டதுதான், பின்னால் விளைந்த சகல அனர்த்தங்களுக்கும் மூலகாரணம். அதனுடன் வெளியாகியிருந்த படத்தில் சுவர் முழுவதும் வெறுமையாக இருந்ததையும், அப்படிப்பட்ட சுவர் எங்கள் வம்சத்திலேயே எவருக்கும் வாய்த்ததில்லை என்பதையும் நான் அப்போது யோசிக்கவில்லை. மாம்பலத்தில் எங்கள் கூடம் 12 அடிக்கு 10 அடி. நான்கு வாசற்படிகளும் இரண்டு ஜன்னல்களும் போக எஞ்சிய சுவரில் பாட்டனார், முப்பாட்டனார், அவர்களை ஆட்கொண்ட தெய்வங்கள், எப்போதும் பத்து நிமிஷம் முன்னால் ஓடும் கடிகாரம், மளிகைக் கடைக்காரர் வருஷந்தோறும் இலவசமாகக் கொடுக்கும் தினசரிக் காலண்டர் ஆகியவை நெருக்கியடித்துக்கொண்டு வாசம் செய்கின்றன. காலண்டர் என் அத்தையின் ஆட்சிக்கு உட்பட்டது. விடியற்காலையில் அவள் முந்தின நாளைக் கிழித்தெறிந்து, அன்றைய ராகுகாலத்தையும் எமகண்டத்தையும் உரக்கப் பிரகடனம் செய்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு புகையும்.

முதலில் செட்டிநாடு போனேன். கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் முகப்பிலிருந்து பின்கட்டு வரை நடப்பதற்குள் இரண்டு தரம் மூச்சு வாங்கியது. பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடிகள். முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசி இழைத்ததால் முகம் பார்க்கலாம் போலிருந்த சுவர்கள். கடல் கடந்து வியாபாரம் செய்த நகரத்தார் தாம் பார்த்த தேசங்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பஸ்ஸில் போன நான், என் சக்திக்குத் தக்கவாறு, ஆத்தங்குடியிலிருந்து நான்கு பூக்கற்களை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்ணாடிப் பலகையின் மேல் வர்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கையாலேயே ஊற்றிப் பூப்போட்டு, அதன் முதுகில் மணலும் சிமெண்டும் அப்பி, சூளையைக் காட்டாமல் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்தே பதப்படுத்தும் அந்த வேலை கண்கொள்ளாக் காட்சி. நடக்க நடக்கத்தான் மெருகேறும் என்றார்கள். நான்கே கல்லில் நடப்பதென்றால் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்வதைத் தவிர வேறு மார்க்கம் தென்படாததால், அவற்றுள் இரண்டு கொதிக்கும் சாம்பாருக்கு ஆசனமாகவும், ஒன்று ஊறுகாய் ஜாடிக்குப் பீடமாகவும் பதவி பெற்றன. நான்காவது இருக்குமிடத்தை என் கால் கட்டைவிரல் அறியும்.

ஜெய்ப்பூர் நீல ஜாடியைப் பற்றி விஸ்தரிக்கப் போவதில்லை. களிமண்ணே சேர்க்காமல் வெண்கல் பொடியும் கண்ணாடித் தூளும் கலந்து செய்கிற அபூர்வப் பாண்டம் அது என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அதில் சீயக்காய்த் தூளைக் கொட்டியாகிவிட்டது.

ஆனால் தாஜ்மகால் விஷயம் அப்படி லேசில் முடியவில்லை. ஆக்ராவில், டார்ச் விளக்கை அடித்து வெளிச்சம் ஊடுருவுவதைக் காட்டி, அசல் மக்ரானாச் சலவைக்கல் என்று கடைக்காரர் சத்தியம் செய்துகொடுத்த ஒரு முழ அகலத் தாஜ்மகாலை, கைக்குழந்தையைப் போல் துண்டில் சுற்றி ரயிலேற்றினேன். என்றாவது ஒரு நாள் விழுந்தாலும் கல்லறையின் மேல் விழாதபடி மினார்களைச் சற்றே வெளிப்புறம் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று வழிகாட்டி சொன்னதை நான் முழுமனதாக நம்பவில்லை. நாகபுரிக்கு அருகில் மேல் பெர்த்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி சரிந்தபோது என்னுடைய மினார்களில் ஒன்று, மொகலாயச் சிற்பிகள் விதித்தபடியே, கட்டடத்துக்கு இம்மியும் சேதமில்லாமல் வெளிப்புறமாக விழுந்து அந்த ஐயத்தைத் தீர்த்துவைத்தது.

மூன்று மினார்களோடு கூடத்து மேஜையில் அதை நான் பிரதிஷ்டை செய்த மாத்திரத்தில் அத்தை வந்தாள்.

"ஏண்டா, இது கோயிலா?"

"இல்லை அத்தை, சமாதி."

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. "சமாதியைக் கொண்டுவந்து நடுக்கூடத்துல வெச்சா குடித்தனம் விளங்குமாடா?" என்று அவள் தொடங்கவும், நான் பதறிப்போய், 1631-ல் இறந்த தன் பத்தினியின் நினைவாக ஒரு சக்ரவர்த்தி எழுப்பிய பிரேமையின் சின்னம் அது என்று சமாதானம் கூறினேன்.

"எப்படிப் போனா?"

"பதினாலாவது பிரசவத்தில்."

அத்தை நீண்ட நேரம் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பதினாலு பெத்தவளுக்கு உயிரோட இருக்கறச்சே ஒரு நாளாவது வெந்நீர் வெச்சுக் குடுத்திருப்பானா?" என்றாள். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. ஷாஜகானுக்காக நான் ஏதோ வாதாட வாயெடுத்தேன். வாசற்படியில் வந்து நின்ற என் மனைவியின் முகத்தைப் பார்த்ததும், மொகலாய சரித்திரத்தில் எனக்குப் போதிய பாண்டித்தியம் இல்லை என்று தோன்றிவிட்டது.

தாஜ்மகால் பரணேறியது. ஆறு மாதம் கழித்து நவராத்திரிக்கு மரப்பாச்சிகளோடு அதுவும் இறங்கியதைக் கண்டு நான் திகைத்தேன். பண்ருட்டிக் கல்யாண செட்டுக்கு ஒரு மண்டபம் இல்லாத குறையை மனைவி நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். ஒடிந்த மினார் இருந்த இடத்தில் வாழைமரம் கட்டி, வாசலில் நாதஸ்வரக்காரரை உட்கார்த்தி, ஊஞ்சலாடும் தம்பதியை நடுவில் வைத்து, பக்கத்தில் செட்டியார் பொம்மையின் மளிகைக் கடையும் திறந்தாயிற்று. சுண்டலுக்கு வந்தவர்களிடம் அத்தையே, "நம்ம பையன் வடக்கேயிருந்து வாங்கிண்டு வந்த கல்யாணச் சத்திரம்" என்று பெருமையோடு காட்டினாள். விஜயதசமிக்கு மறுநாள் சத்திரம் பழைய வேஷ்டியில் சுற்றப்பட்டு மறுபடியும் பரணுக்குப் போயிற்று.

ஜனவரியில் மளிகைக் கடைக்காரர் புதுக் காலண்டர் அனுப்பினார். அத்தை கையாலேயே அதை ஆணியில் மாட்டினாள். அட்டை முழுவதும் நிலவொளியில் தாஜ்மகால். நான்கு மினார்களும் பழுதில்லாமல் இருந்தன.

"அத்தை, இதுவும் அதே சமாதிதானே?" என்றேன்.

"இதுல ராகுகாலம் போட்டிருக்கேடா" என்று சொல்லி, அத்தை முதல் தாளைக் கிழித்தாள்.