பேய்ப்பட அச்சத்தை அளக்க ஓர் அலகு

எடைக்குக் கிலோ உண்டு, மழைக்கு மில்லிமீட்டர் உண்டு, நிலநடுக்கத்துக்கு ரிக்டர் உண்டு. பேய்ப்படத்துக்கு மட்டும் இன்றுவரை ஓர் அலகு கிடையாது. ‘செம பயம்’, ‘சுத்த மொக்கை’, ‘பரவாயில்ல, ஒருதடவ பாக்கலாம்’ என்ற மூன்றே தீர்ப்புகளை வைத்துக்கொண்டு ஒரு துறை எத்தனை காலம்தான் ஓட்டும்? இக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம் என்க.

பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைய வேண்டும் என்பது நன்னூல் காட்டும் வழிகளுள் ஒன்று. அவ்வாறே செய்வோம். அரங்கில் எழும் அலறலே அச்சத்தின் அளவு என்பார் ஒரு சாரார். இவர்கள் தமிழ்நாட்டுத் திரையரங்கில் இரவுக்காட்சி பார்த்திராதவர்கள். கதாநாயகி கதவுப் பிடியில் கை வைத்ததுமே பின்வரிசையில் நாலு பேர் வேண்டுமென்று வீறிடுவார்கள். அதற்கு அரங்கம் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு நடுவில் பேய் வந்து, தன் வேலையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கும். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எனவே அலறல் தள்ளுபடி.

வசூலே அளவு என்பார் வேறு சிலர். 2005-இல் வந்த ‘சந்திரமுகி’ சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. ஆனால் அந்தப் படத்தில் பேயே இல்லை. அதில் வரும் கங்காவுக்கு வந்தது மனநோய் என்று ரஜினிகாந்த் டாக்டராக வந்து விளக்கியும் விட்டார். பேய் இல்லாத படம் அத்தனை நாள் ஓடியிருக்க, பேய் உள்ள பல படங்கள் ஒரு வெள்ளிக்கிழமையைத் தாண்டி அடுத்த வெள்ளியைக் கண்டதில்லை. பேய்க்கும் வசூலுக்கும் சம்பந்தமில்லை என்பது இதனால் பெறப்படும்.

இனி நம் கொள்கை. பேய்ப்படம் வேலை செய்கிறதா என்பது அரங்கில் தெரியாது. அன்று இரவு இரண்டு மணிக்கு, வீட்டில், சிறுநீர் முட்டும்போதுதான் தெரியும். அந்நேரம் பார்வையாளர் யாரை எழுப்புகிறார் என்பதே அளவு. இந்த அலகுக்கு ‘எழுப்பு’ என்று பெயரிடுகிறோம்.

விளக்கைப் போட்டுக்கொண்டு தனியாகப் போய்வந்தால் சுழி. ‘டேய், உனக்கு ஒண்ணுக்கு வரலயா?’ என்று தம்பியைத் தட்டினால் ஓர் எழுப்பு. அம்மாவை எழுப்பினால் இரண்டு. அப்பாவை எழுப்பினால் மூன்று. ‘இதுக்குத்தான் அந்தக் கண்றாவியெல்லாம் பாக்காதேன்னு சொன்னேன்’ என்பதைக் கேட்டுக்கொண்டே நடைவழியைக் கடக்கத் துணிந்தவரின் பயம் மெய்யானதுதான் என்பதில் ஐயமில்லை. யாரையும் எழுப்பாமல், போர்வையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு பால்காரர் வரும்வரை அடக்கிக் கிடந்தால் அளவுகோல் முறிந்தது என்று கொள்க. தனி அறைவாசிகளுக்கு விதிவிலக்கு உண்டு. ‘மச்சான், தூங்கிட்டியா?’ என்று போகும் வாட்ஸ்அப் செய்தி ஒன்றுக்கு அரை எழுப்பு. திருமணமான ஆண்கள் மட்டும் இந்த அலகில் தெளிவாகப் பிடிபடுவதில்லை. அவர்கள் மனைவியை எழுப்பி, ‘ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு, உனக்குக் கேட்டுச்சா?’ என்பார்கள். பயம் யாருடையது என்பதைப் பதிவேட்டில் எழுத முடியாமல் போகிறது.

அச்சம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலேயே தீர்த்துவிட்டார். அச்சத்துக்கு அவர் காட்டும் வாயில்கள் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், அரசன். ‘சந்திரமுகி’ நான்கையும் பூர்த்தி செய்திருப்பது வியப்புக்குரியது. அணங்குக்கு நாட்டியக்காரி, அரசனுக்கு வேட்டையன். அவளை அவள் விருப்பமில்லாமல் கொண்டுவந்த வகையில் வேட்டையனே கள்வனும் ஆகிறான். விலங்குக்கு அந்தப் பெரிய பாம்பு. கதையில் அந்தப் பாம்புக்கு என்ன வேலை என்று 2005 முதல் தமிழர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். விடுபட்ட வாயிலை நிரப்ப வந்தது என்பதே நம் துணிபு. இலக்கணத்துக்கு வந்த பாம்பிடம் கதை கேட்கக் கூடாது.

பேயோடு நகைச்சுவையைச் சேர்த்துக் கெடுத்துவிட்டார்கள் என்று ‘காஞ்சனா’, ‘அரண்மனை’ வகையறாக்களைத் திட்டுவோர் செயங்கொண்டாரை மறந்தவர்கள். கலிங்கத்துப்பரணியில் பேய்களுக்கெனவே ஒரு பகுதி உண்டு. நொண்டிப்பேய், ஊமைப்பேய் என்று அங்கே பல வகை. போர் நடக்காததால் வயிறு ஒட்டி, காளியிடம் அழுது புலம்பி, கடைசியில் குலோத்துங்கன் படை கலிங்கத்தை வென்ற பிறகு களத்திலேயே கூழ் காய்ச்சிப் பந்தி வைத்துச் சாப்பிடுகின்றன. பிணங்கள் குவிந்த களம்தான். ஆனாலும் அந்தப் பகுதியைப் படித்துவிட்டு இரவில் அம்மாவை எழுப்பிய மாணவர் எவரும் இருக்க முடியாது. பேய்க்குப் பசி இருக்கிறது என்று தெரிந்ததுமே அதன்மேல் நமக்கு ஓர் இரக்கம் வந்துவிடுகிறது.

இங்கிருந்து பிறப்பதே இவ்வாய்வின் மைய விதி: பேய்க்கு என்ன வேண்டும் என்று தெரிந்த கணத்தில் எழுப்பு இறங்கத் தொடங்கும். தமிழ்ப்பேய்க்கு என்ன வேண்டும் என்பது ஏறக்குறைய எப்போதும் இடைவேளைக்குப் பிறகு பிளாஷ்பேக்கில் தெரிந்துவிடும். அதுவரை கூரையில் பல்லியைப் போல் ஊர்ந்துகொண்டிருந்த உருவம், பிளாஷ்பேக்கில் பூ வைத்து, கோயிலுக்குப் போய், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறது. பத்தே நிமிடத்தில் நமக்கு அதன் ஊர், பேர், உறவுமுறை, கொன்றவன் யார், எந்த ஆயுதம் என எல்லாம் தெரிந்துவிடுகிறது. அதற்குமேல் அது பேய் இல்லை, மனுதாரர். அரங்கமே அதற்குச் சாட்சி சொல்லத் தயாராகிவிடும். 2011-இல் வந்த ‘காஞ்சனா’வில் சரத்குமார் ஏற்ற திருநங்கைப் பாத்திரத்தின் கோரிக்கையை நிதானமாகப் பார்த்தால், அதன் ஒரு பாதி நில அபகரிப்புப் புகார். அதே 2011-இல்தான் தமிழ்நாட்டுக் காவல்துறையில் நில அபகரிப்பு வழக்குகளுக்கெனத் தனிப்பிரிவுகள் அமைக்கப்பட்டன. சற்றுப் பொறுத்திருந்தால் காஞ்சனா ராகவா லாரன்ஸ் உடம்பில் ஏறாமல் நேரடியாக மனுக் கொடுத்திருக்கலாம்.

இதனால் அப்படங்கள் மோசம் என்று கொள்ளற்க. கடைசி இருபது நிமிடம் பேய் வில்லனைத் தூக்கி அடிக்கும்போது எழும் விசில் வேறெந்தப் படத்துக்கும் எழாது. நீதி கிடைத்த மகிழ்ச்சியில் மக்கள் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குகிறார்கள். நம் அலகுக்கு அது சுழி, அவ்வளவே. மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) இதை மறைக்கக்கூட முயலவில்லை. நாயகனைக் குடிக்க விடாமல் தடுக்கிற அளவுக்கு அக்கறையுள்ள பேய் அது. பார்த்தவர்கள் பயந்ததைவிட அழுததே அதிகம் இருக்கும்.

விதிக்கு எதிர்ச்சான்றாகச் சிலர் ‘பீட்சா’வை (2012) காட்டுவார்கள். அது உண்மையில் நம் பக்கத்துச் சாட்சி. பீட்சா கொடுக்கப் போன வீட்டில் மாட்டிக்கொண்ட விஜய் சேதுபதி, கையில் டார்ச்சோடு அறை அறையாக அலைகிறார். மாடியில் என்ன, குளியலறையில் என்ன, போனில் பேசுவது யார், எதுவும் தெரியாது. நாமும் கூடவே அலைகிறோம். பிறகுதான் தெரிகிறது, அந்த இரவு முழுவதும் அவர் முதலாளியிடம் அளந்த கதை என்று. இல்லாத பேய்க்குத் தமிழகம் பயந்தது. அந்தப் பேய்க்குப் பிளாஷ்பேக் இல்லை, கோரிக்கை இல்லை, ஏன், அதுவேகூட இல்லை. எழுப்பு மட்டும் இருந்தது. ஆய்வாளர் ஒருவருக்கு இதைவிடத் தூய சோதனைச் சாலை கிடைக்காது.

அப்படியானால் அச்சம் எதில் தங்குகிறது? வீட்டுச் சாமானில். பேய் அரங்கிலேயே தங்கிவிடும். டிக்கெட் கிழித்த இடத்தைத் தாண்டி அதற்கு உரிமை இல்லை. ஆனால் படத்தில் அது தொட்ட பொருள் நம் வீட்டிலும் இருக்கிறது. ‘யாவரும் நலம்’ (2009) இதில் முனைவர் பட்டத்துக்குத் தகுதியானது. மாதவன் குடும்பம் அடுக்குமாடியில் புதுவீடு வாங்கிக் குடியேறுகிறது. பால் கெட்டுப்போகிறது. லிப்ட் மற்றவர்களுக்கெல்லாம் ஓடுகிறது, அவர் ஏறினால் மட்டும் ஓடுவதில்லை. செல்போனில் எடுத்த அவர் முகம் கோணிக்கொண்டு விழுகிறது. பகலில் வீட்டுப் பெண்கள் பார்க்கும் டிவி சீரியலில் வருவதெல்லாம் அந்த வீட்டிலேயே நடக்கிறது. மாமியாரும் மருமகளும் ஒரே சீரியலைச் சண்டையில்லாமல் சேர்ந்து பார்ப்பதே முதல் அமானுஷ்ய அறிகுறி என்று மாதவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. படம் பார்த்துத் திரும்பியவர்கள் மறுநாள் காலை பால் பாக்கெட்டை அடுப்பில் வைத்துவிட்டு, அது திரிகிறதா என்று பக்கத்திலேயே நின்றார்கள். சீரியலோ நம் வீடுகளில் நாள் முழுக்க ஓடுகிறது. வேறெந்தப் பேய்க்கும் இத்தனை மணிநேர ஒளிபரப்பு கிடைத்ததில்லை.

அதே ஆண்டில் வந்த ‘ஈரம்’ தண்ணீரை எடுத்துக்கொண்டது. இது சென்னையில் எடுக்க வேண்டிய துணிச்சலான முடிவு. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருந்த ஊரில், குழாயில் தண்ணீர் வருவது நல்ல செய்தி. அதைக் கெட்ட செய்தியாக்கினார் இயக்குநர் அறிவழகன். பாத்ரூம் கதவுக்கு அடியில் தண்ணீர் கசிந்து வந்தால் அதுவரை பிளம்பரைத்தான் கூப்பிடுவோம்.

பொருள் பழசானால் பயமும் பழசாகிவிடும் என்பதையும் குறிக்க வேண்டும். விட்டலாச்சார்யாவின் ‘ஜகன்மோகினி’யில் (1978) பேய்ப்பெண் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் நீட்டி எரியவிட்டுச் சமைப்பாள். அடுப்பங்கரையில் புகை சூழ உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கால்களை ஒரு தலைமுறையே அதன்பிறகு எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சோறு கேட்டது. கேஸ் சிலிண்டர் வந்தது, காட்சியின் வீரியம் போனது. ஜப்பானின் ‘ரிங்’குக்கும் (1998) இதே கதிதான் நேரப்போகிறது. சதாகோவின் அந்தக் கோணல் நடைக்காக நடிகையைப் பின்னோக்கி நடக்கவிட்டு, பிலிமைத் திருப்பி ஓட்டினார்கள். கிணற்றிலிருந்து ஏறி, நடந்து, டிவிப் பெட்டிக்குள்ளிருந்து அறைக்குள் தவழ்ந்து வரும் அவள், இன்றைய வீட்டில் சுவரில் மாட்டிய டிவியிலிருந்து வெளிவந்தால் தலைகுப்புற நாலடி கீழே விழுவாள்.

தமிழ் இயக்குநர்கள் இன்னும் சரியாகத் தொடாத பொருட்கள் இரண்டு. ஒன்று, கண்ணாடி பதித்த ஸ்டீல் பீரோ. ‘கான்ஜூரிங்’ (2013) மர அலமாரியிலிருந்து இரண்டு கைகளை நீட்டித் தட்டவைத்தே உலகை மிரட்டியது. நம் பீரோவோ யாரும் தொடாமலே நள்ளிரவில் ‘டங்’ என்று ஒரு சத்தம் விடும். வெப்பம் இறங்கித் தகடு சுருங்குகிறது என்று இயற்பியல் சொல்லும், நமக்கு நம்பிக்கை வராது. மற்றொன்று, ஜீரோ வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் கதவுக் கொக்கியில் தொங்கும் அப்பாவின் சட்டை. இதற்குத் தலை இல்லை என்பது பயத்தைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்பது தனி ஆய்வுக்குரியது.

கடைசியாக ஒலி. 1942-இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் இரவில் தனியே நடக்கிறாள். பின்னால் காலடி கேட்கிறது. பிறகு அந்தக் காலடியும் நின்றுவிடுகிறது. அமைதி. புலியோ சிறுத்தையோ பாயப்போகிறது என்று நினைக்கும் நொடியில் சீறிக்கொண்டு வந்து நிற்கிறது ஒரு பஸ். காற்று பிரேக் சத்தம்தான். தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் அந்த உத்தியையே ‘லூட்டன் பஸ்’ என்று இன்றும் சொல்கிறார்கள். கேட்காத ஒலியும் வேலை செய்யுமாம். இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற பொறியாளர், தான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் கண்ணோரத்தில் சாம்பல்நிற உருவம் ஒன்றைக் கண்டு மிரண்டார். மறுநாள் இடுக்கியில் பொருத்தியிருந்த வாள்வீச்சு விளையாட்டு வாள் ஒன்று தானாக நடுங்கியது. தேடிப் பார்த்தால் புதிதாக மாட்டிய காற்று வெளியேற்றும் விசிறி. அது எழுப்பியது 19 ஹெர்ட்ஸ் அளவிலான, காதுக்கு எட்டாத அதிர்வு. 1998-இல் கட்டுரையாகவே எழுதிவிட்டார். ஏற்காதவர்களும் உண்டு. ஏற்றால், நம் ஊர்ப் பழைய தியேட்டர்களில் கடகடவென்று ஆடிய விசிறிகளுக்கு எத்தனை படங்கள் கடன்பட்டிருக்கின்றன என்று யோசிக்க வேண்டும்.

இங்கே ஒரு பெரும்பிழையைச் சுட்டாமல் போக முடியாது. பயம் வரும்போது பார்வையாளர் இரு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொள்கிறார். கண் பொத்தியவருக்குக் கதவு முனகுவதும் கொலுசு நெருங்குவதும் இரண்டு பங்காகக் கேட்கும். உருவத்தைத் தன் மனத்தாலேயே வரைந்துகொள்வார், அது இயக்குநர் காட்டியதைவிடக் கோரமாகத்தான் இருக்கும். திரையில் அப்போது இருப்பது பெரும்பாலும் முகத்தில் மாவு பூசிய ஒரு துணைநடிகர். ஆகவே கண்ணைத் திறந்தே வைத்து, கைகள் இரண்டையும் காதுக்குக் கொடுப்பதே முறை. அந்நேரம் பாப்கார்ன் பொட்டலத்தை யார் பிடித்துக்கொள்வது என்பதைத் துணைக்கு வந்தவரிடம் டிக்கெட் எடுக்கும்போதே பேசி முடித்துக்கொள்க.