பெருநாளுக்கு மறுநாள் அறுகம்குடாவில் குளிப்பது எப்படி?

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் பிறந்தவருக்குக் கடலைப் பற்றி எவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. பிறந்ததே தகைமை. சம்மாந்துறையார் கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே பிறந்தவர்கள். கல்முனையில் பெண் கட்டியிருந்தால் அவர்களும் தேறுவார்கள். நான் புதிதாக ஒன்றும் சொல்லித்தரப் போவதில்லை. போன பெருநாளுக்கு நீங்கள் செய்ததையே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். இந்த முறை ஒன்றும் விடுபடக் கூடாது.

1. வானத்தைப் பாருங்கள்

ஹஜ்ஜுப் பெருநாள் இப்போதெல்லாம் மே, ஜூனில் வருகிறது. வானம் வெளுத்துக் கிடக்கும். மழையில்லை, முகிலில்லை, ஆகவே கடலும் நல்ல கடல். இந்த முடிவுக்கு வர முற்றத்தில் நின்று ஒருமுறை அண்ணாந்தால் போதும்.

அறுகம்குடாவில் அந்த நாட்களில் வந்து விழுகிற பெரிய அலை நம்முடைய வானத்துக்குக் கீழே பிறந்ததே இல்லை என்பதை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். நமக்குக் கோடை என்றால் பூமியின் தென்பாதிக்குக் குளிர்காலம். ஆபிரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையில், தெற்கே வெகுதூரத்தில், புயல்கள் கடலைக் கிளப்பிவிடுகின்றன. அந்த அலை 5,000 கிலோமீற்றருக்கு மேல் உருண்டு, ஐந்தாறு நாள் கழித்து இங்கே வந்து சேர்கிறது. நீங்கள் குர்பான் மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்த அன்று அது அங்கிருந்து புறப்பட்டிருக்கும்.

கைத்தொலைபேசியில் அலை நிலைவரம் பார்க்கிற மருமகன் ஒருவன் எல்லா வேனிலும் இருப்பான். உயரத்தை மட்டும் வாசிக்க விடுங்கள். "ஒன்றரை மீற்றர்தான் மாமா." அதற்குப் பக்கத்தில் செக்கன் கணக்கில் இன்னோர் இலக்கம் இருக்கும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி அது. 6 என்றால் பக்கத்துக் காற்றில் எழுந்த சில்லறை அலை. 14 என்றால் தூரத்திலிருந்து வந்த கனத்த அலை. உயரம் அதே ஒன்றரை மீற்றர்தான், ஆளைத் தூக்கிப் போடும் விதம் வேறு. அந்த இலக்கத்தை அவன் வாசிக்கப் பார்த்தால் பாட்டுப் போடச் சொல்லுங்கள்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கை தமிழிலும் வருகிறது, பொத்துவில் என்ற பெயரும் அதில் அடிக்கடி வரும். அது மீனவர்களுக்கு எழுதியது. நீங்கள் மீனவரில்லையே.

2. பிந்திப் போங்கள்

கச்சான் காற்று வீசும் காலத்தில் கடலுக்கு ஒரு நேரசூசி உண்டு. சுபஹ் தொடக்கம் ஒன்பது, பத்து மணி வரை காற்று தரையிலிருந்து கடலுக்கு மெல்ல வீசும், அல்லது வீசவே வீசாது. அலை வரிசை கலையாமல் வரும். எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று கரையில் நின்றே சிறுபிள்ளைக்கும் சொல்லலாம். வெயில் ஏறித் தரை சூடானதும் கடல்காற்று கரைக்கு ஏறத் தொடங்கும். லுஹருக்குப் பிறகு எங்கும் நுரையும் கலக்கமும்தான். எது மேடு, எது பள்ளம் என்று யாராலும் இலேசில் கண்டுபிடிக்க ஏலாது.

நீங்கள் போய் இறங்க வேண்டியது அந்த நேரத்தில். வழி சுலபம். கல்முனையிலிருந்து சுமார் 70 கிலோமீற்றர். ஒன்பதுக்கு வரச் சொன்ன வேன் பத்தரைக்கு வரும். நிந்தவூரில் ராத்தா வீட்டில் பிளேன்டீ. அட்டாளைச்சேனையில் வட்டிலப்பத்தை வெட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள், சாப்பிடாமல் எழும்பினால் மாமி அடுத்த பெருநாள் வரை முகம் கொடுக்க மாட்டார். அக்கரைப்பற்றில் ஒருவர் "அஞ்சு நிமிசம்" என்று இறங்கிப் போவார். கோமாரியில் போட்டோ. பொத்துவில் பள்ளியில் லுஹர். இரண்டரைக்குக் கடற்கரை.

3. வயிற்றை நிரப்புங்கள்

புரியாணியை வேனிலேயே கொண்டுபோங்கள். சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் குந்தி, அடிச்சோறு வரை துடைத்துவிட்டு, கை கழுவக் கடலில் இறங்குங்கள். கை கழுவ இறங்கியவர் அப்படியே குளிக்கத் தொடங்குவது மரபு.

4. சும்மா இருப்பவனைப் பார்த்துச் சிரியுங்கள்

அலைச்சறுக்குப் பலகையைப் பக்கத்தில் போட்டுவிட்டு ஒரு வெள்ளைக்காரனும் உல்லை ஊர்ப் பையன் ஒருவனும் மணலில் குந்தியிருப்பார்கள். இருபது நிமிடம் பேச்சில்லை, கடலையே பார்ப்பார்கள். காசு கொடுத்து வந்தவன் இறங்காமல் இருக்கிறானே என்று ஒரு பகிடி விடுங்கள்.

அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தூரத்து அலைகள் கூட்டங்கூட்டமாக வரும். நாலைந்து பெரியவை, பிறகு பல நிமிடம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் வேனை விட்டு இறங்கியவருக்கு அதுதான் கடலின் முழு முகம். ஆகவே இறங்கியவுடனே ஓடுங்கள். இடுப்பளவு நீரில் நின்று, கடலுக்கு முதுகைக் காட்டி, செல்பிக்குக் கையை நீட்டுங்கள். ஒரு கன மீற்றர் கடல்நீர் ஒரு தொன்னுக்கும் சற்று அதிகம். முதுகில் வாங்கிப் பார்த்தால் நிறுக்கத் தேவையில்லை.

மீன் வாடி வாசலில் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கும் காக்காவிடம் மட்டும் எதுவும் கேட்டுவிடாதீர்கள். "அங்கால போகாதீங்க தம்பி, இழுவை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். பிறகு இந்த வழிகாட்டி எதற்கு?

5. அமைதியான இடமாகப் பார்த்து இறங்குங்கள்

இது முக்கியமான பாடம், நிதானமாகப் படியுங்கள்.

அலை உடைகிற இடத்தில் வெள்ளை நுரை கிளம்பும், பிள்ளைகள் பயப்படுவார்கள். இரண்டு நுரைத்திட்டுகளுக்கு நடுவே மட்டும் ஓர் ஒழுங்கை போலத் தெரியும். அங்கே அலை உடையாது. நீர் சற்றுக் கருமையாக, சில வேளை மணல் கலந்து கலங்கலாக இருக்கும். மேற்பரப்பில் மட்டும் சிறு நெளிவு. உற்றுப் பார்த்தால் நுரைத்துண்டு ஒன்றும் யாரோ வீசிய பிஸ்கட் உறை ஒன்றும் கரையைவிட்டுக் கடலை நோக்கி, யாரும் தள்ளாமலே, போய்க்கொண்டிருக்கும். உற்றுப் பார்க்காதீர்கள். குடும்பத்தோடு குளிப்பதற்கென்றே யாரோ ஒதுக்கி வைத்தது போன்ற இடம். பிள்ளைகளை அங்கேதான் இறக்க வேண்டும்.

அலை கரையில் கொண்டுவந்து கொட்டும் நீர் எதன் வழியாவது திரும்பிப் போக வேண்டும். மணல்மேட்டின் மேல் அலை உடைகிறது, மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தால் நீர் திரும்புகிறது. பள்ளம் ஆழமானது, அதனால் அலை அங்கே உடைவதில்லை. நீங்கள் கண்ட அமைதி அதுதான், காக்கா சொல்லும் இழுவையும் அதுதான். பலத்த இழுவை செக்கனுக்கு 2 மீற்றருக்கும் மேலான வேகத்தில் ஓடுவதுண்டு. ஒலிம்பிக் நீச்சல்காரருக்கே அது சரிக்குச் சரி போட்டி. நீங்கள் புரியாணியோடு வந்தவர்.

மணல்மேடு ஓரிடத்தில் நிலையாகவும் நிற்பதில்லை, அலையின் போக்குக்கு நகரும். யாராவது தயங்கினால் "போன பெருநாளைக்கும் இதுலதானே குளிச்ச" என்று உரக்கச் சொல்லுங்கள். மறுத்துப் பேச எவருக்கும் வாய் வராது.

உயிர்காப்பாளர் விசில் ஊதினால் அது பக்கத்துக் குடும்பத்துக்கு.

அறுகம்குடா வரை போக வசதியில்லாதவர்களுக்கு ஒலுவில் இருக்கிறது. 2013இல் திறந்த துறைமுகத்தின் அலைதடுப்பு மணலின் ஓட்டத்தை மறித்தது, வடக்கே கரையைக் கடல் அரித்துக்கொண்டு போனது. கரையைக் காக்கவென்று கொட்டிய பாறாங்கற்களுக்கு நடுவில் நின்று குளிக்கலாம். வேன் வாடகை மிச்சம்.

6. உடுப்பு

ஆண்களுக்குச் சாரன். நனைந்ததும் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிவிடும், நீந்தலாமா வேண்டாமா என்ற குழப்பமே வராது. இளவட்டங்களுக்கு ஜீன்ஸ்.

பெண்களைக் கரையில் இருத்துங்கள். செருப்பு, கைத்தொலைபேசி, பணப்பை, சஹன் எல்லாவற்றுக்கும் காவல் வேண்டும். அறுகம்குடாவில் 2018இல் பெண்களுக்கென்றே அலைச்சறுக்குக் கழகம் தொடங்கி, உள்ளூர்ப் பெண்கள் பலகையில் எழும்பி நிற்கிறார்கள் என்ற செய்தியை உங்கள் மகள் கைத்தொலைபேசியில் காட்டினால், "நல்லது, அந்தச் செருப்பை இந்தப் பக்கம் வை" என்று சொல்லுங்கள். அவளுக்கு நீந்தத் தெரியாது. தெரிய வைக்காமல் இருபது வருடம் கவனமாகப் பார்த்துக்கொண்டவர் நீங்கள்.

7. பலகை எடுங்கள்

முதல் தரம் பலகை பிடிப்பவர்களுக்குக் குடாவின் உட்பக்கம் இருக்கிறது, பொத்துவிலுக்கு வடக்கே விஸ்கி பொயின்ட் இருக்கிறது, பாணமைப் பக்கம் பீநட் ஃபார்ம் இருக்கிறது. அங்கெல்லாம் போகாதீர்கள். தெற்கு முனையில் மெயின் பொயின்டுக்குப் போங்கள். தென்திசை அலை அந்த முனையில் வளைந்து, நீளத்துக்கு வரிசையாக உடைந்துகொண்டே வரும். 2019 செப்டெம்பரில் உலக சேர்ஃப் லீக் போட்டி நடந்தது அந்தக் குடாவில். உலகப் போட்டிக்குச் சரியென்றால் உங்கள் மச்சானுக்கும் சரிதான். அடியில் பாறை இருக்கிறது.

பயிற்சிக்குக் காசு கேட்பார்கள். கொடுக்காதீர்கள். பலகைக் கயிற்றைக் காலில் மாட்டச் சொன்னால் "நான் என்ன குர்பான் மாடா?" என்று கேளுங்கள். அலை வரும்போது பலகையை உங்களுக்கும் அலைக்கும் நடுவில், நெஞ்சுக்கு நேரே, கேடயமாகப் பிடியுங்கள். பல்லும் பலகையும் சந்திக்கும் இடம் அது.

8. ரியூப்

லொறி ரியூபில் காற்றடித்துச் சின்னவனை உட்கார வையுங்கள். சில நாட்களில் கச்சான் பகல் முழுக்க விடாமல் மேற்கிலிருந்து அடிக்கும். கரையோரம் நீர் தட்டையாக, அழகாக இருக்கும். ரியூப் எடையில்லாதது, காற்றுக்குப் பிடித்தமானது. அறுகம்குடாவுக்கு நேர்கிழக்கே அடுத்த கரை பெரிய நிக்கோபார். சுமார் 1,300 கிலோமீற்றர்தான், நடுவில் தட்டுப்பட ஒன்றுமில்லை.

9. இடி

மாலையில் மேற்கே முகில் கறுத்து இடித்தால் பயப்படாதீர்கள். கோடையில் அம்பாறைக்குச் சில நாள் அப்படித்தான். எல்லாரும் நீரைவிட்டு ஏறும்போது கடற்கரை காலியாகும், வெட்ட வெளியில் உயர்ந்து நிற்பது நீங்கள் ஒருவர்தான். வீடியோ நன்றாக வரும்.

10. இழுபட்டால்

கரையை நோக்கி நேராக, முழுப் பலத்தோடு நீந்துங்கள். இழுவை ஒடுங்கலானது. கரைக்குச் சமாந்தரமாகக் கொஞ்சத் தூரம் பக்கவாட்டில் போனால் அதைவிட்டு வெளியே வந்துவிடலாம், பிறகு அலையே கரைக்குத் தள்ளும். அது கோழைகளின் வழி. இழுவை ஆளைக் கீழே அமுக்குவதில்லை, வெளியேதான் கொண்டுபோகும் என்பதால் மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கி உதவி கேட்கலாம் என்பார்கள். மச்சான்மார் பார்த்துக்கொண்டிருக்கும்போது கையைத் தூக்குவதா? நீந்துங்கள். கை ஓய்ந்து போகும் வரை, கரை அதே தூரத்தில் நிற்கும் வரை.

11. காப்பாற்றுங்கள்

ஒருவர் இழுபடுவதைக் கண்டால் நான்கு பேர் பாயுங்கள். நீந்தத் தெரியாதவர் முன்னால் பாய வேண்டும், அன்பு அவருக்குத்தான் அதிகம். பலகை, ரியூப், வெறும் தண்ணீர்க் கலன் என்று மிதக்கிற எதையும் எறிந்துவிடாதீர்கள், அவையெல்லாம் வாடகைச் சாமான். பலகைப் பையன்களைக் கூப்பிடாதீர்கள். கூப்பிடாமலே அவர்கள் வந்துவிடுவார்கள், அதைத் தடுக்க வழியில்லை.

12. கரையேறிய பிறகு

உப்புநீரைத் துப்பி முடித்ததும் முதல் வார்த்தை "திடீரென்று" என்று தொடங்கட்டும். கடல் திடீரென்று கொந்தளித்தது, அலை திடீரென்று வந்தது. ஆறு நாள் பயணம் செய்து, திணைக்களத்தின் கடல் அறிக்கையில் இடம்பிடித்து, மருமகனின் கைத்தொலைபேசியிலும் தலையைக் காட்டிவிட்டு வந்த அலை அது என்பதை யாரும் நினைவூட்ட மாட்டார்கள். பலகைப் பையனுக்கு நன்றி சொல்ல மறந்தாலும் பரவாயில்லை, பலகை வாடகையில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கேட்க மறக்காதீர்கள்.

13. அடுத்த பயணம்

டிசம்பரில் வையுங்கள். பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறை. அந்த நேரம் காற்றுத் திரும்பி, வடகீழ்ப் பருவக்காற்று கடலை நேராக நம் கரையில் கொண்டுவந்து மோதும். பலகைக்காரர்கள் தெற்கே வெலிகமப் பக்கம் போயிருப்பார்கள், கடைகள் பல பூட்டியிருக்கும், அறை மலிவாகக் கிடைக்கும். போய் இறங்கியதும் "கூட்டமே இல்லை, கடல் முழுக்க நமக்குத்தான்" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போடுங்கள். வேனுக்கு இப்போதே முற்பணம் கொடுத்துவிடுங்கள், பிந்தினால் பெரிய வேன் கிடைக்காது.