புள்ளி பேசும், பிள்ளை?

பாச்சாங் ஊர்ப் பிள்ளை ஒருவர் பேச்சுச் சிகிச்சையாளராக வேண்டுமென்றால், முதலில் தான் வாய்மூடி, மதிப்பெண்ணைப் பேசவிட வேண்டும். இத்துறைப் பட்டப்படிப்பை மலேசியாவில் முதலில் தொடங்கியது 1995இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம். அரசுப் பல்கலைக்கழக நுழைவுக் கணக்கில் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10. திக்கும் குழந்தை சொல்லை முடிக்கும்வரை குறுக்கிடாமல் காத்திருக்கும் பொறுமைக்கு அதில் தனிப் பத்தியே இல்லை. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஓராண்டு மெட்ரிகுலேஷன் படிப்பும் மூன்று பருவ எஸ்டிபிஎம் படிப்பும் ஒரே தராசில் ஏறுகின்றன. அதற்குப் பெயர் துல்லியம்.

'நரம்பும் தொண்டைத் தசையும் அறியாதவரிடம் பக்கவாத நோயாளியை ஒப்படைப்பதா?' நியாயமான கேள்வி. ஆகவே குறைந்தபட்சத் தகுதிக்கோடு கட்டாயம் வேண்டும். ஆனால் கோட்டைத் தாண்டியபின், சராசரிப் புள்ளி 3.9க்கும் 3.6க்கும் நடுவே எந்த நரம்பு அறுந்துபோகிறது? 'வாளப்பளம்' கேட்கும் பிள்ளைக்கு இருப்பது உச்சரிப்புக் குறைபாடா, வீட்டு வழக்கா என்று பிரித்தறியத் தமிழ்க்காது வேண்டும். அது தசமப் புள்ளிக்குப் பின்னால் முளைப்பதில்லை. 'நேர்முகத் தேர்வு வைத்தால் சிபாரிசு நுழையுமே' என்பார்கள். நுழையலாம், பொது அளவுகோலும் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வாளர்களும் இருந்தால் அதைத் தடுக்கலாம். விண்ணப்பதாரரைப் பேசச் சொல்லிக் கேட்காமலேயே பேச்சுத்துறைக்கு ஆளெடுத்தால், அந்தச் சாமர்த்தியத்தைத்தான் எதைக்கொண்டும் தடுக்க முடியாது.