மவுண்ட் ரோட்டுக் கடைத் தலபுராணம்

அவையடக்கம்

திட்டக்குடி 2021ல் நகராட்சி ஆனது. அதற்கு முன்பும் ஊரில் கடைகள் திறந்தன, மூடின. அப்போது அதற்கு வியாபாரம் என்று பெயர். இப்போது நகர வளர்ச்சி. ஒரு பேக்கரி திறந்தால் வாசலில் வாழைமரம், சீரியல் செட்டு, ஃபிளெக்ஸ். ஃபிளெக்ஸில் திறந்துவைக்க வருபவரின் முகம், உள்ளே இருக்கும் எந்தக் கேக்கையும்விடப் பெரியது. ஆறு மாதம் கழித்து அதே ஷட்டரில் ‘கடை வாடகைக்கு விடப்படும்’. அதற்கு அடுத்த மாதம் செல்போன் கடை. டீக்கடை பெஞ்சில் இருக்கும் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: “வெள்ளாத்துல தண்ணி நின்னாலும் நிக்கும்யா, இந்த ஊர்ல கடை நிக்காது.”

இது திட்டக்குடிக்கு மட்டும் வாய்த்த சாபம் என்று அவர்கள் நினைப்பதுதான் வருத்தம். சென்னைப் பட்டணத்து மவுண்ட் ரோடு இதே சாபத்தை நூற்றெண்பது வருடமாகக் குளிரூட்டி, கண்ணாடிக் கதவு போட்டு அனுபவித்துவருகிறது. சாலையின் பெயரே அண்ணா சாலை என்று மாறிவிட்டது. பெயர்ப்பலகையை மாற்றுவதில் சாலையே இப்படி வழிகாட்டினால் கடைகள் என்ன செய்யும்? ஆகவே அந்தச் சாலையின் தலபுராணத்தை, போகிற வழியில் அக்கம்பக்கத்தையும் சேர்த்து, அடியேன் பாடத் துணிந்தேன். பிழை இருந்தால் பெஞ்சுப் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

டிக்கெட் எடுக்காப் படலம்

ஆபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் என்ற இங்கிலீஷ் இளைஞர் காசு கொடுக்காமல் கப்பலில் ஒளிந்துவந்தார், மாலுமிகள் கண்டுபிடித்து மதராஸில் இறக்கிவிட்டார்கள் என்பது ஐதீகம். விருத்தாசலம் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் ஏறியவரை கண்டக்டர் பெண்ணாடத்தில் இறக்கிவிட, அவர் அங்கேயே ஒரு கடை போட்டு, ஊருக்குப் பெரிய மனிதர் ஆகிவிட்ட மாதிரி.

கிறிஸ்தவ மிஷன் ஒன்று நடத்திய புத்தகக் கடையில் அவருக்கு வேலை கிடைத்தது. கடையில் பக்தி இருந்தது, லாபம் இல்லை. மிஷன் கடையைத் தள்ளிவிட நினைத்தபோது, சரக்கையெல்லாம் சல்லிசாக வாங்கிக்கொண்டு 1844ல் சொந்தப் பெயரில் பலகை மாட்டினார். பிறகு மதராஸுக்கே ஷெரீப் ஆனார். டிக்கெட் இல்லாமல் வந்தவர் ஷெரீப் ஆவது நம் நாட்டில் அன்றே தொடங்கிவிட்டது. மவுண்ட் ரோட்டில் இன்று நிற்கும் வெள்ளைக் கட்டடம் 1904ல் வந்தது.

இந்தப் புராணத்தின் மூல மந்திரம் இந்தப் படலத்திலேயே இருக்கிறது: ஒருவர் ஷட்டரை இறக்குகிற இடத்தில்தான் இன்னொருவர் தேங்காய் உடைக்கிறார். இனி வரும் படலங்களில் தேங்காய் மட்டும் மாறும்.

கவர்னர் சம்சாரப் படலம்

பின்சந்தில் ஒரு ஓட்டல். 1854ல் இம்பீரியல் என்று பிறந்தது. 1886ல் ஆல்பனி ஆனது. நம்மூரில் ‘புதிய நிர்வாகம்’ என்று துணியில் எழுதிக் கட்டுவார்களே, அந்த வகைதான்.

அதே 1886ல் கன்னிமாரா பிரபு கவர்னராக வந்து சேர்ந்தார். அவருடைய மனைவி, வாரிசு இல்லாத ராஜாக்களின் நாட்டைப் பிடுங்கிப் புகழ்பெற்ற டல்ஹவுசி பிரபுவின் மகள். கவர்னரின் நடத்தை சரியில்லை. ஒரு நாள் அம்மையார் மாளிகையை விட்டுக் கோபமாகக் கிளம்பி அந்த ஓட்டலுக்கு வந்துவிட்டார் என்பது ஊர்ப் பேச்சு. 1890ல் விவாகரத்து, பதவியிலிருந்து விலகல் இரண்டும் நடந்தன. அதே வருடம் ஓட்டலுக்கும் பெயர் மாறியது: கன்னிமாரா. குடும்பம் உடைந்ததையே விளம்பரம் ஆக்கிய அந்த முதலாளிக்கு இன்றைய யூடியூப்காரர்கள் சிலை வைக்கலாம்.

ஓட்டல் பிறகு ஸ்பென்சர் கம்பெனியின் யூஜின் ஓக்‌ஷாட் கைக்குப் போனது. ஸ்பென்சர் கதையும் சுவையானது. 1860களில் சார்லஸ் டுரன்ட் என்பவர் தொடங்கிய கடை அது. கூட்டாளியாக வந்த ஸ்பென்சர் பெயரைப் பலகையில் எழுதினார்கள். ஆசியாவுக்கே பெரிய கடையாக வளர்த்தவர் ஓக்‌ஷாட். உழைத்தவர் ஒருவர், பெயர் வாங்கியவர் ஒருவர், இரண்டும் இல்லாமல் மறைந்தவர் டுரன்ட். கூட்டு வியாபாரத்தின் இலக்கணம் இதற்கு மேல் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது.

திவால் படலம்

கொஞ்சம் கடற்கரைப் பக்கம் திரும்புவோம். ஆர்பத்நாட் கம்பெனி. துரைமார் நடத்தியது, ஆகவே பணம் பத்திரம் என்று வக்கீல்கள், குமாஸ்தாக்கள், பென்ஷன்காரர்கள் எல்லாம் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 1906 அக்டோபர் 22 அன்று கதவு மூடியது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல். ‘சர்’ பட்டத்தோடு ஒருவர் களி தின்னப் போனதில் மதராஸுக்கு ஒரு ஆறுதல், அவ்வளவுதான்.

வி. கிருஷ்ணசாமி அய்யர் என்ற வக்கீல், இனி நம் பணத்தை நாமே பார்த்துக்கொள்வோம் என்று முன்னின்றார். செட்டிநாட்டு நகரத்தார் கைகொடுக்க 1907ல் இந்தியன் வங்கி பிறந்தது. கேஒய்சி வாங்கிவரச் சொல்லி வங்கியில் நம்மைத் திருப்பி அனுப்பும்போதெல்லாம் ஆர்பத்நாட்டைத்தான் திட்ட வேண்டும்.

ஓட்டல்காரர் பறந்த படலம்

மவுண்ட் ரோட்டில் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்ற மிட்டாய்க்காரர் இருந்தார். மிட்டாயிலிருந்து ஓட்டலுக்கு வளர்ந்தார். மின்விசிறி, லிப்ட், ஐஸ் என்று அந்தக் காலத்துப் புதுமைகளையெல்லாம் வைத்துப் பெரிய இடத்து விருந்துகளைப் பிடித்தார். சாதாரண முதலாளி இந்த இடத்தில் கிளை திறப்பார். இவர் விமானம் கட்டினார்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. குதிரை வண்டி கட்டிப் பழகிய சிம்சன் கம்பெனியின் உதவியோடு விமானம் செய்து, 1910ல் பல்லாவரத்தில் பறந்தும் காட்டினார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருடம்கூட ஆகவில்லை. பிறகு அதை ஜனங்களுக்குக் காட்டக் கட்டணமும் வசூலித்தார். எவ்வளவு உயரம் போனாலும் கல்லாப்பெட்டி ஞாபகம் போகவில்லை, ஓட்டல்காரர் அல்லவா!

ஓட்டல் பின்னால் பொசோட்டோ என்பவர் கைக்கு மாறியது. பிறகு அங்கே இருந்தது செருப்புக் கடை. வானத்தில் பறந்தவரின் இடத்தில் தரையில் நடப்பதற்கு வேண்டியதை விற்றார்கள்.

சினிமாவுக்குத் தபால் வந்த படலம்

1913ல் வார்விக் மேஜர் என்பவர் எலெக்ட்ரிக் தியேட்டர் என்று ஒன்றைக் கட்டினார். சினிமாவுக்கென்றே கட்டிய அரங்கு, ஊரே வாயைப் பிளந்தது. 1915ல் படம் நின்றுவிட்டது. சர்க்கார் கட்டடத்தை வாங்கித் தபால் ஆபீஸ் வைத்தது. டிக்கெட் விற்ற இடத்தில் ஸ்டாம்பு விற்றார்கள். பின்னால் நக்கக்கூடியது ஸ்டாம்பு, அதுதான் நிலைத்தது.

தவணைப் படலம்

ஒரே கட்டடம், மூன்று பிறவி. முதல் பிறவியில் ஒயிட்வே லெய்ட்லா என்ற வெள்ளைக்காரத் துணிக்கடை. கோட்டு, தொப்பி, சீமை மோகம். இரண்டாம் பிறவியில் சுதேசமித்திரன் பத்திரிகை ஆபீஸ். சீமைத் துணியை எரி என்று எழுதியவர்கள் சீமைத் துணிக்கடையிலேயே குடியேறினார்கள். சரித்திரத்தில் இவ்வளவு நேர்த்தியான பழிவாங்கல் அபூர்வம். மூன்றாம் பிறவியில் வி.ஜி.பி. வந்தார்கள். நடுத்தரக் குடும்பத்துக்குத் தவணையில் மின்விசிறியும் ரேடியோவும். ஏகாதிபத்தியம், தேசியம், மாதத் தவணை. இந்திய வரலாற்றுப் பாடத்தை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடநூலும் எழுதவில்லை.

அக்கினிப் படலம்

பிராட்வேயில் இருந்த பழைய பாப்பம்ஸ் சந்தைக்குப் பதிலாக மூர் மார்க்கெட் 1900ல் திறந்தது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, முயல், யார் வீட்டிலோ காணாமல்போன கைக்கடிகாரம், எல்லாம் கிடைத்தன. விலையைப் பத்தில் ஒன்றாகக் கேட்டு ஆரம்பிப்பது மரபு. அப்போதும் ஏமாந்தது நாம்தான்.

1985 மே 30 அன்று தீ பிடித்தது. எரிந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் எழுந்தது. மார்க்கெட் போனாலும் ரயில்வேக்காரர்கள் அந்த முனையத்தை மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்றே குறிக்கிறார்கள். செத்துப்போன கடைக்கு இன்றும் டிக்கெட் எடுக்கும் ஒரே ஊர் சென்னை.

1900ல் பாப்பம்ஸ் சந்தைக்காகவும் யாராவது அழுதிருப்பார்கள். ‘புதுசு வெறும் செங்கல், பழசுக்கு ஆத்மா உண்டு’ என்று சொல்லியிருப்பார்கள். பேஸ்புக் இல்லாததால் நமக்குத் தெரியாமல் போயிற்று.

காபிப் படலம்

புராணத்தின் சோகச் சிகரம் இது. கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், பிறப்பு 1962. மரத்தடியில் காரை நிறுத்தினால் காருக்கே தோசை வரும். கார் இல்லாதவர்களுக்கு உள்ளே மேஜை. சினிமா கதை விவாதம், காதல், காதல் முறிவு, இன்சூரன்ஸ் ஏஜென்ட்டின் வேட்டை எல்லாம் ஒரு காபியில் மூன்று மணி நேரம் நடக்கும். யாரும் எழுந்திருக்கச் சொல்லமாட்டார்கள். 2008ல் மூடினார்கள். நிலம் அரசுக்குப் போய், 2010ல் செம்மொழிப் பூங்கா ஆனது.

தமிழ்நாட்டில் எந்த ஓட்டலுக்கும் இவ்வளவு இரங்கல் கட்டுரை வந்ததில்லை. எழுதியவர்கள் எல்லோரும் அங்கே ‘மணிக்கணக்கில்’ உட்கார்ந்ததைப் பெருமையாக எழுதினார்கள். எத்தனை காபி வாங்கினோம் என்று ஒருவரும் எழுதவில்லை. ஓட்டலை மூடியது நிலத்தின் குத்தகைதான் என்பது சரித்திரம். ஆனால் மணிக்கணக்குக்கும் காபிக் கணக்குக்கும் நடுவே எத்தனையோ ஓட்டல்கள் புதைந்திருக்கின்றன என்பது பொருளாதாரம்.

மவுண்ட் ரோட்டிலேயே 1951ல் திறந்த புகாரி ஓட்டல் இன்னும் இருக்கிறது. காரணம் எளிது. அங்கே 1965ல் பிறந்ததாகச் சொல்லப்படும் சிக்கன் 65ஐ, நினைவில் வைத்துக்கொள்வதோடு ஜனங்கள் நிறுத்திக்கொள்வதில்லை.

நூற்பயன்

இந்தப் புராணத்தைக் காலையில் படிப்பவர் ‘கடை வாடகைக்கு’ பலகையைப் பார்த்துப் பதறமாட்டார். மாலையில் படிப்பவர் அட்வான்ஸ் தொகையைப் பாதியாகப் பேசி முடிப்பார். திட்டக்குடி, விருத்தாசலம் முதலான தலங்களில் பேக்கரி வைக்க நினைப்பவர் மூன்று முறை படித்தால், ஃபிளெக்ஸுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு நல்ல மாஸ்டரை வைப்பார்.

பெஞ்சில் இருக்கும் பெரியவர்களுக்குத் தனிப் பயன் உண்டு. உங்களுக்குப் பிடித்த மெஸ் இன்னும் திறந்திருக்கிறது என்றால் எழுந்து போய் இன்றைக்கே ஒரு சாப்பாடு சாப்பிடுங்கள். காசு கொடுத்து.