எலுமிச்சம்பழத்துக்குப் பிரிமியம் கட்டின மருமவனுக்கு

ஏ மருமவனே, அம்பாசமுத்திரம் ரோட்டுல நீ வாடகைக் கடை போட்டதுல எனக்கு ரொம்பப் பெருமை. மிக்ஸர் மெஷின் வரிசையா நிக்கு, வைப்ரேட்டர் தொங்குது, சென்ட்ரிங் தகடு மலையாக் குமிஞ்சு கெடக்கு, ஜாக்கி கட்டுக் கட்டா சாஞ்சிருக்கு. அதுக்கு மேல ஒரு பழைய ஜேசிபி வேற. அதோட நாலு சக்கரத்துலயும் எலுமிச்சம்பழம் நசுக்கி, முன்னால திருஷ்டிப் பொம்மை கட்டி, பக்கெட்டுல விபூதிப் பட்டை போட்டு நிறுத்தியிருக்கே. இம்புட்டுக் காவல் இருக்கையில இன்சூரன்ஸ் என்னத்துக்கு மாமான்னு கேட்டே பாரு, அந்தக் கேள்வியில ஒரு குத்தமும் இல்ல. எலுமிச்சம்பழத்துக்குப் பாரம் நிரப்ப வேண்டாம். சர்வேயர் வந்து நொட்டை சொல்ல மாட்டான். நஷ்ட ஈடு வராது, அது ஒண்ணுதான் குறை.

"பாலிசி ஒண்ணு கெடக்கு மாமா"ன்னு பொறவு மெல்ல எடுத்து நீட்டுனே. லோன் கொடுக்கையில பேங்குக்காரவளே போட்டுக் கொடுத்தது. 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா'. 2021 ஏப்ரல்லேருந்து நடப்புல இருக்கு. ஒரு இடத்துல மொத்தச் சொத்து 5 கோடிக்குள்ள இருக்குத சின்ன ஏவாரிக்குன்னே பண்ணுனது. தீ, இடி, புயல், வெள்ளம் எல்லாம் அதுல உண்டு. சொத்து மதிப்பைக் கொஞ்சம் குறைச்சுச் சொல்லியிருந்தாலும் 15 சதவீதம் வரைக்கும் பொறுத்துக்கிடுவான். நல்ல பாலிசிதான், குறை சொல்லக் கூடாது. ஆனா சாமான் இருக்குத இடம்னு ஒரு கட்டம் இருக்கு பாரு, அதுல என்ன எழுதியிருக்கு? உன் கடை விலாசம்.

நீ நடத்துதது வாடகைக் கடைல்லா? கடைக்குள்ள சாமான் நிறைஞ்சு கெடந்தா ஏவாரம் படுத்துட்டுன்னு அர்த்தம். ஏவாரம் நடந்தா தகடு கல்லிடைக்குறிச்சியில இருக்கும், மிக்ஸர் விக்கிரமசிங்கபுரத்துல சுத்தும், ஜாக்கி முக்கூடல்ல எவன் வீட்டுத் தளத்தையோ தாங்கிட்டு நிக்கும். ஆக, ஏவாரம் இல்லாத நாள்ல கண்ணுல எண்ணெய் விட்டுக் காத்துட்டு, ஏவாரம் சூடு பிடிச்ச அன்னைக்குப் படுத்துத் தூங்குத ஒரு காவக்காரனை நீ சம்பளத்துக்கு வச்சிருக்கே. வருசாவருசம் புதுப்பிக்க வேற செய்யுதே. அந்த மனசு யாருக்கு வரும்?

திருட்டும் அந்தப் பாலிசியில தனியா வராது, கேட்டியா? தீயோ வெள்ளமோ வந்த ஏழு நாளைக்குள்ள அந்தக் குழப்பத்துல போன சாமானுக்குத்தான் பேசுவான். சும்மா ஒரு அமாவாசை ராத்திரி தூக்கிட்டுப் போனதுக்குப் பர்க்ளரி பாலிசி வேற எடுக்கணும். அதுலயும் பூட்டு உடைஞ்சிருக்கணும், இல்லேன்னா ஓடாவது பிரிஞ்சிருக்கணும். உன் கடைப் பையன் கதவைத் திறந்து போட்டுட்டு டீ குடிக்கப் போன நேரத்துல கள்ளன் மரியாதையா நடந்து வந்து எடுத்துட்டுப் போனா, கம்பெனிக்காரனும் மரியாதையாக் கையை விரிச்சிருவான்.

வெளிய போற சாமானுக்குன்னு ஒண்ணு இருக்கு. 'கான்ட்ராக்டர்ஸ் பிளான்ட் அண்ட் மெஷினரி'ன்னு பேரு. ஏஜெண்டுக சி.பி.எம். பாலிசிம்பாவ, உடனே செங்கொடியைத் தேடாத, அது வேற. மெஷின் வேலை செய்யுதபோதும், சும்மா நிக்குதபோதும், சர்வீஸுக்குக் கழட்டிப் போட்டிருக்குதபோதும், எதிர்பாராம வார சேதத்துக்கு அது நிக்கும். சைட்டுல கவுந்தாலும் சரி, மேல சுவரு சரிஞ்சாலும் சரி. ஆனா வாங்குதபோது வாயைத் திறந்து, "நான் சொந்த வேலைக்கு ஓட்டல, ஊரானுக்கு வாடகைக்கு விடுதேன், இன்னின்ன மாவட்டம் போகும்"னு சொல்லி எழுத வச்சுரு. பிரிமியம் கூடிருமேன்னு நீ அதை முழுங்குனா, கிளைம் அன்னைக்கு அவன் உன்னை முழுங்கிருவான். லாரியில ஏத்தி இறக்குதபோது விழுந்தா யாரு பொறுப்புங்கதையும் அப்பமே கேட்டுக்கோ.

அதுலயும் கழிச்சுக் கட்டுன சங்கதி உண்டு. மோட்டார் தன்னால உள்ளுக்குள்ள எரிஞ்சு போனா கிடையாது. அது மெஷின் கோளாறு, அதுக்குப் பாலிசி வேற. துருவுக்கும் தேய்மானத்துக்கும் கிடையாது. டயரு, பெல்ட்டு, செயினு, பிளேடு, டிரில் பிட்டு தனியா போனா கிடையாது. அப்புறம் ஒரு அழகான வரி: சரக்கு எண்ணுதபோது மட்டும் தெரிய வார குறைச்சலுக்குக் கிடையாது. நீ தகடு எண்ணுததே தீவாளிக்குத் தீவாளிதான். "முப்பது தகட்டைக் காணும் மாமா"ன்னு நிப்பே. என்னைக்குப் போச்சு, யாரு கொண்டு போனான்னு கேட்டா சாமி படத்தைப் பாப்பே.

இப்ப உன் ஜேசிபிக் கணக்குக்கு வாரேன். சேலத்துல எவன்கிட்டயோ 12 லட்சத்துக்குப் பேசி முடிச்சே. சரி. சி.பி.எம்.மில அதுக்கு எம்புட்டுப் போடணும்? "கொடுத்த துட்டு 12, அதனால 12"ங்கே. கோட்டிக்காரா, இதே மெஷினை இன்னைக்குப் புதுசா வாங்கி இறக்க என்ன ஆகுமோ அதைப் போடணும். 36 லட்சம்னு வச்சுக்கோ. நீ 12 போட்டா மூணுல ஒரு பங்குக்குத்தான் பாலிசி எடுத்திருக்கேன்னு அர்த்தம். பூம் வளைஞ்சு 3 லட்சம் செலவானா, உன் கைக்கு 1 லட்சம்; அதுலயும் 'எக்ஸஸ்'னு ஒரு பங்கைக் கழிச்சுக்கிடுவான். அப்ப 36 போட்டா மெஷின் முழுசா நொறுங்குன அன்னைக்கு 36 வருமான்னு கண்ணை விரிக்காத. அன்னைக்குப் பழசுக்கு என்ன விலையோ அதுதான். பிரிமியம் வாங்குதபோது உன் மெஷினுக்கு வயசே ஆகல. துட்டுக் கொடுக்குதபோது அதுக்குத் தலை நரைச்சிருது. அநியாயம்தான், ஆனா மூடி மறைக்கல, பாலிசியிலயே எழுதி வச்சிருக்கான். நீ அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால சொருகிட்டே.

ஜேசிபி ரப்பர் டயர் போட்டு ரோட்டுல போகுதுல்லா, அதனால அது சட்டத்துக்கு வண்டி. ஆர்சி வேணும். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி மூணாவது ஆளுக்கான இன்சூரன்ஸ் வேணும். இல்லாம ஓட்டிப் பிடிபட்டா முதல் தடவை 2,000 ரூவா அபராதம், இல்லேன்னா மூணு மாசம் ஜெயில், ரெண்டும் சேத்தும் கொடுக்கலாம். அபராதத்தை விடு, ரோட்டுல ஒரு உசுரு போச்சுன்னா டிரிபியூனல் போடுத தொகைக்கு அளவே கிடையாது. ஓட்டுதவன்கிட்ட சரியான லைசென்ஸ் இல்லேன்னா, கம்பெனி அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்துட்டு உன்கிட்ட வந்து வசூல் பண்ணும். உன் ஆப்பரேட்டர் மீசையைப் பாத்து லைசென்ஸ் இருக்கும்னு நம்பிட்டே போல.

இன்னொரு சூச்சமம். மோட்டார் பாலிசி ஃபுல் கவர்னு பீத்திக்கிடுதியே, ரோட்டுல போகையில கவுந்தா சரி. குளத்தங்கரையில மண்ணுத் தோண்டிக்கிட்டு இருக்கையில தலைகுப்புறக் கவுந்தா? 'ஓவர்டர்னிங்'குன்னு தனியாப் பிரிமியம் கட்டியிருந்தாத்தான் தருவான். ஜேசிபி பொழைக்கதே தோண்டித்தான். அதைச் செய்யுதபோது விழுந்தா கவர் இல்லேங்கான் பாத்தியா, அவன்கிட்ட நாம கத்துக்கிட வேண்டியது எம்புட்டோ இருக்கு. தோண்டுதபோது தண்ணிக் குழாயும் கேபிளும் அறுந்தா அது மூணாவது ஆள் சொத்து. ரோட்டு விபத்துக்கே அந்தக் கணக்கு 7.5 லட்சத்தோட நின்னுரும், பக்கெட்டை வச்சுத் தோண்டுத வேலையில அறுந்ததுக்கு மோட்டார் பாலிசி முகத்தைத் திருப்பிக்கிடும். சி.பி.எம்.மோட சேத்துத் தனியாக் கேட்டு வாங்கணும். தோண்ட முந்தி கேபிள்காரவளுக்குச் சொல்லுததுக்குன்னே 2023 மார்ச்சுல டெல்லிக்காரன் 'கால் பிஃபோர் யூ டிக்'னு ஒரு ஆப் விட்டிருக்கான். உன் போன்லதான் சீட்டாட்டம் இருக்கே, இதுக்கு எங்க இடம்?

ஆளுக விசயத்துல மட்டும் நான் கேலி பேசமாட்டேன். மெஷினோட நீ அனுப்புத ஆப்பரேட்டர் எந்த சைட்டுல நின்னாலும் உன் ஆள்தான். வேலையில அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இழப்பீடு கொடுக்கணும்ங்கது 1923-லேருந்து இருக்குத சட்டம். பேரும் புஸ்தகமும் மாறலாம், கடமை மாறாது. முப்பது வயசுக்காரன், மாசச் சம்பளம் 15,000. அவன் உசுரு போச்சுன்னா, சம்பளத்துல பாதியை அந்த வயசுக்குச் சட்டத்துல போட்டிருக்குத 207.98 ஆல பெருக்கு. 15,59,850 ரூவா. உன் கடையில இருக்குத மிக்ஸரு, வைப்ரேட்டரு அம்புட்டையும் வித்தாலும் அது தேறாது. அதுக்கான பாலிசிக்கு வருசத்துக்கு நீ கட்டுதது, கடைத் திறப்பு விழாவுக்குப் போட்ட பந்தல் செலவைத் தாண்டாது. கரண்டு ஒயரு உரிஞ்ச வைப்ரேட்டரை வாடகைக்கு விட்டு அதுல அடுத்தவன் சித்தாளு கை வச்சிட்டான்னு வையி, அதுக்குப் பொதுப் பொறுப்புப் பாலிசின்னு ஒண்ணு இருக்கு. அதையும் எடு. அதுக்கு முந்தி ஒயரை மாத்து.

இப்ப உன் நல்ல மனசுக்கு வருவோம். ஒருத்தன் வாரான். வெள்ளைச் சட்டை, கையில ரெண்டு போனு. "அண்ணாச்சி, ரெண்டு நாளைக்கு மிக்ஸரும் வைப்ரேட்டரும் வேணும், நாளைக்கழிச்சுத் தளம்"ங்கான். நீ அண்ணாச்சிங்க வார்த்தையிலயே பாதி உருகிட்டே. ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தான். அதுல மூஞ்சி இருந்த இடத்துல கருப்பா ஒரு கட்டம் இருக்கு, அதை வச்சு என்னையும் அடையாளம் காட்டலாம், எங்கய்யாவையும் காட்டலாம். சைட்டு எங்கன்னு கேட்டே, "பாப்பாக்குடிக்கு அங்கன"ன்னான். அட்வான்ஸ் வாங்கக் கூச்சமா இருந்துச்சுன்னு விட்டுட்டே. மூணாம் நாள் போனு சுவிட்ச் ஆஃப்.

ஸ்டேஷனுக்குப் போனா, "பூட்டை உடைச்சானா?"ம்பாவ. "இல்ல, நானே வண்டியில ஏத்தி விட்டேன்"பே. அப்ப அது திருட்டு இல்ல மருமவனே, நம்பிக்கை மோசடி. முந்தி இ.பி.கோ. 406, இப்ப பாரதிய நியாய சன்ஹிதாவுல 316. போலீசுக்கு நம்பர்தான் மாறுது. கம்பெனிக்கு அதுவே தப்பிச்சுக்கிட வழி. திருட்டுக்குத்தான் கவர், நம்பிக் கொடுத்ததுக்கு இல்லேன்னு பெரும்பாலான பாலிசியில எழுதியிருக்கும். சொந்தக் கடைப் பையன் கையாடுனாலாவது அதுக்குன்னு ஒரு கவர் உண்டு. வாடகைக்காரன் கொண்டுட்டு ஓடுனதுக்கு அதுவும் உதவாது. அந்த ஓட்டையை அடைக்கது அட்வான்ஸும், சீரியல் நம்பர் எழுதுன செலானும், சேதம் ஆனா யாரு தரணும்னு எழுதுன அக்ரிமெண்டும், சைட்டு எங்கன்னு ஒரு எட்டு நேர்ல போய்ப் பாக்கதும்தான். பெரிய மெஷின்ல ஜிபிஎஸ்ஸை ஒளிச்சு வையி. மறைச்சு வைக்கேன்னு நாலு பேர்கிட்ட சொல்லிட்டு வைக்காத.

2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுன மழை. தாமிரபரணி ஊருக்குள்ள வந்துட்டு. பாலிசி வச்சிருந்த ஒரு கடைக்காரரை எனக்குத் தெரியும். தண்ணி வடிஞ்சதும் ரொம்பச் சுறுசுறுப்பா மோட்டாரு எல்லாத்தையும் கழட்டி, கழுவி, வெயில்ல காய வச்சு, உடைஞ்சதைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டாரு. சர்வேயர் வந்து பாத்தா கடை பளபளன்னு இருக்கு. "நஷ்டம் எங்கய்யா?"ன்னு கேட்டிருக்கான். பில்லு? அதே கடையில மேசை டிராயர்ல, அதுவும் தண்ணியோட போச்சு. அதனால பில்லையும் மெஷின் நம்பரையும் இப்பமே படம் எடுத்து உங்கம்மைக்கு வாட்ஸப்புல அனுப்பு. அவ எதையும் அழிக்கத் தெரியாதவ.

ஏஜெண்டு "துட்டு நாளைக்குக் கட்டிக்கிடலாம், கவர் இன்னைக்கே ஓடும்"னு சொன்னா நம்பாத. பிரிமியம் கையில வராம கம்பெனி பொறுப்பு ஏத்துக்கிடக் கூடாதுன்னு 1938 இன்சூரன்ஸ் சட்டத்துல 64 வி.பி. பிரிவு இருக்கு. உன் செக்கு திரும்புனா பாலிசியும் திரும்பிரும். கிளைம்ல கம்பெனி இழுத்தடிச்சா முதல்ல அவனுக்கே எழுது. ஒரு மாசம் பதில் இல்லேன்னா, இல்ல பதில் கோணலா இருந்தா, சென்னையில இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்காரு. 50 லட்சம் வரைக்கும் விசாரிப்பாரு, கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஜெயிச்சாலும் லோன் முடியாத மெஷினுக்குத் துட்டு முதல்ல பேங்குக்குத்தான் போகும். அதுக்காக மொட்டை போட நேந்திருந்தா பேங்கு மேனேஜரையும் கூட்டிட்டுப் போ.

சரி, வார வியாழக்கிழமை எனக்கு மாட்டுக் கொட்டகைக்குத் தளம் போடணும். மிக்ஸர் ஒண்ணு, வைப்ரேட்டர் ஒண்ணு அனுப்பு. மாமாதானேன்னு உன் பையன் சும்மா இறக்கிட்டுப் போனா திருப்பி அனுப்பிருவேன். நம்பர் எழுதுன செலான் வேணும், கையெழுத்து வாங்கணும், அட்வான்ஸும் கேக்கணும். நான் தரமாட்டேன்னு சண்டை பிடிப்பேன், உங்கம்மைக்குப் போன் போடுவேன். நீ அசையாத, வாங்கிட்டுத்தான் மெஷினை இறக்கணும். வாடகை எம்புட்டுங்கதை மட்டும் செலான்ல எழுதிராத. அதை நாம நேர்ல பேசிக்கிடுவோம்.